மாடு செத்தா ஆரிட்டப் போய்க் கேக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதத்தில பாதிக்கு மேல மாட்டுக் கதைதான். தலைமயிர் கொட்டுறதுக்கு மருந்து கேட்டவங்களும் மகளுக்கு வரன் சரிவருமா எண்டு கேட்டவங்களும் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.

கேள்வி: எங்கட பட்டியில 38 மாடு நிண்டது. காலும் வாயும் புண்ணாகிற கால்வாய் நோய் வந்து 4 பசுவும் 7 கண்டும் செத்துப்போச்சு. நாறத் துவங்கினதால அண்டைக்கே புதைச்சிட்டம். இப்ப நட்டஈடு கேட்டுப் போனா எத்தின மாடு நிண்டது, எத்தின செத்தது, ஆதாரம் எங்க எண்டு கேக்கிறாங்க. குழியத் தோண்டியா காட்டுற? (வாசகர், கிரான்)

பதில்: தோண்டிராதீங்க தம்பி. புதைச்சதில ஒரு பிழையும் இல்ல, ஆத்துல தள்ளி விடாம புதைச்சீங்களே, அதுவே பெரிய காரியம். பிழை என்னெண்டா புதைக்க முதல் வெட்டினரி ஒபிஸுக்கு ஒரு கோல் போகல்ல. செத்த மாட்ட டொக்டர் கண்ணால கண்டு ஒரு தாளில எழுதினாத்தான் அது கணக்கில செத்த மாடு, இல்லாட்டி அது உங்கட வாய்க்கதை. கால்வாய் நோயில செத்த கண்டு ஒண்ட டொக்டர் அறுத்துக் காட்டினத நான் பக்கத்தில நிண்டு பாத்திரிக்கன், வயித்துக்குள்ள ஈரல், நெஞ்சுக்குள்ள நுரையீரல் எல்லாம் சும்மா இருந்தது, இதயத்த எடுத்துக் கழுவினா சிவப்பு இறைச்சியில வெள்ளைக் கோடு கோடா ஓடிக் கிடக்கு, புலிவரி மாதிரி. பெரிய மாடு இந்த நோயில சாகிறது குறைவு, கண்டுகள்தான் பால் குடிச்சிக்கொண்டு நிண்டபடியே பொத்தெண்டு விழும், காரணம் அந்த இதயம்தான். அந்த ஒரு கண்டுக்கு எழுதின றிப்போட் மத்தக் கண்டுகளுக்கும் சேத்துத்தான் சாட்சி சொல்லும்.

சரி, உங்கட கண்டு மண்ணுக்குள்ள போயிற்று. மிச்சம் 27 மாடு நிக்குதுதானே, அதுதான் இப்ப உங்கட ஆதாரம். குளம்பப் பாருங்க, நோய் வந்த மாட்டில குளம்பு கழண்ட தடம் கொஞ்ச நாளைக்கு இருக்கும், சிலதுக்கு உடம்பு மயிர் சடை மாதிரி வளந்து காலம 9 மணி வெயிலுக்கே மரத்துக்குக் கீழ நிண்டு நாய் மாதிரி இளைக்கும். டொக்டரக் கூட்டிக்கொண்டு போய் இதெல்லாம் காட்டி எழுதி வாங்குங்க. ரத்தமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, ஊசி போட்டதால வந்த எதிர்ப்பா நோய் வந்து போனதால வந்த எதிர்ப்பா எண்டு பிரிச்சுச் சொல்ற சோதனை இருக்கு, பேராதனைப் பக்கம் கன்னொறுவையில கால்நடை ஆராய்ச்சி நிலையம் எதுக்கு இருக்கு.

இன்னொண்டும் இருக்கு, இத ஒருத்தரும் யோசிக்கிறல்ல. பால் ஊத்துற கொப்பி. சேகரிக்கிற இடத்தில ஒவ்வொரு நாளும் எத்தின லீற்றர் எண்டு எழுதுறாங்கதானே, நோய் வந்த கிழமையில அந்த இலக்கம் எப்பிடி விழுந்திரிக்கு எண்டு பாத்து அத கொப்பி எடுத்து வைங்க. உங்கட கையெழுத்து இல்லாத, வேற ஆள் எழுதின கணக்கு அது, அதால மதிப்புக் கூட. போனில எடுத்த படத்தையும் அழிச்சிராதீங்க, படத்துக்குள்ளயே திகதி கிடக்கும். பக்கத்துப் பட்டிக்காரர் ரெண்டு பேர், ஜிஎஸ் (கிராம சேவகர்) ஒராள், இவங்கட கடிதமும் வேணும். எல்லாத்தையும் சேத்து அரச கால்நடை வைத்தியருக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்தின்ட நகல் பிரதேச செயலாளருக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும். தமிழிலயே எழுதுங்க, தமிழில பதில் தர வேண்டியது அவங்கட கடமை. குடுத்த கடிதத்தின்ட கொப்பியில திகதியோட சீல் வாங்காம படியிறங்காதீங்க. பதிலே வரல்ல எண்டா 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கு, என்ட விண்ணப்பம் எந்த மேசையில கிடக்கு எண்டு கேட்டு எழுதினா 14 வேலை நாளுக்குள்ள தகவல் தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லியே ஆகணும். நான் இப்பிடி ஒருக்கா ஒரு ஒபிஸுக்கு எழுதினன், ஏழு மாசம் காணாமப் போயிருந்த ஃபைல் ஒம்பதாம் நாள் கிடைச்சிற்று!

காசு கட்டாயம் வரும் எண்டு ஆசை காட்ட மாட்டன். உலகம் பூரா இந்த விசயத்தில ஒரு பழக்கம் இருக்கு, நோயப் பரவ விடாம அரசாங்கம் கொல்லச் சொன்ன மிருகத்துக்குத்தான் முதல் காசு. 2001 இல இங்கிலாந்தில இதே நோய்க்கு 60 லட்சத்துக்கும் மேல மிருகங்களக் கொண்டாங்க, அதுக்குக் காசு குடுத்தாங்க, ஆனா நோயே வராம, விக்கவும் ஏத்தவும் ஏலாம வீட்டோட கட்டி வெச்சிருந்து நட்டப்பட்டவங்களுக்கு அந்த நட்டத்துக்கு ஒண்டும் இல்ல. தானாச் செத்த மாட்டுக்குக் குடுக்கிறது நிவாரணம், அது ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டிக் கிடக்கு. அதால தனிய போகாதீங்க, பட்டிக்காரர் சங்கமாப் போங்க. பெரும்போகத்துக்கு வயல் விதைக்க மாடெல்லாத்தையும் ஒரே மேய்ச்சல் தரைக்குச் சாய்க்கிறம், அங்க ஒரு பட்டிக்கு வந்தா எல்லாப் பட்டிக்கும் வரும், பிறகு மகஜர் (கோரிக்கை மனு) மட்டும் ஏன் தனித்தனியா?

கடைசியா ஒண்டு, கோவிக்காதீங்க. 38 எண்டு எனக்கு எழுதினீங்க, ஒபிஸில எத்தினைக்குப் பதிஞ்சிரிக்கீங்க? எங்கட ஆக்கள் மாட்ட எண்ணிச் சொன்னா கண்ணூறு எண்டு பாதியத்தான் சொல்றது. காதில இலக்கத் தகடு இல்லாத, பதிவில இல்லாத மாடு செத்தா அரசாங்கத்தப் பொறுத்தவரைக்கும் அது பிறக்கவே இல்ல.

கேள்வி: 2022 டிசம்பர்ல குளிருக்குள்ள என்ட மாடும் செத்தது. அது நோயா அனர்த்தமா? (செங்கலடி)

பதில்: மண்டோஸ் புயலோட வந்த குளிர். வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரக்கணக்கில மாடும் ஆடும் விழுந்தது, நோயோ எண்டு பயந்து இறைச்சி ஏத்துறதையும் நிப்பாட்டிப் பாத்தாங்க, கடைசியா குளிர் அதிர்ச்சி எண்டு சொன்னாங்க. அப்ப அது அனர்த்தம், தட்ட வேண்டிய வாசல் பிரதேச செயலகமும் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்). நோயெண்டா வாசல் வெட்டினரி ஒபிஸ். மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் வெடிபட்டுச் செத்த மாடெண்டா அது மூண்டாவது வாசல், பொலிஸ் முறைப்பாடு இல்லாம அந்தக் கதை துவங்காது. எந்த வாசல் எண்டு தெரியாமத்தான் எங்கட சனம் பாதி வருசம் பஸ்ஸுக்குக் காசு குடுக்குது.

கேள்வி: பேங்க் லோனுக்கு ரெண்டு கிராஸ் பசு எடுத்தன். லம்பி ஸ்கின் வந்து உடம்பெல்லாம் கட்டி கட்டியாப் போட்டு, சாகல்ல, ஆனா 9 லீற்றர் கறந்த மாடு இப்ப 2 லீற்றர். பால் குறைஞ்சதுக்கு நட்டஈடு இரிக்கா? (சம்மாந்துறை)

பதில்: இல்ல காக்கா, சொல்லக் கஷ்டமாத்தான் இரிக்கி. இந்த நோயே அப்பிடித்தான், 2020 இல வடக்கில முதல் முதல் கண்டது, சாகிறது குறைவு, பாலையும் சினையையும் தின்னுட்டுப் போயிரும். உசிரோட நிக்கிற மாட்டுக்கு ஒருத்தரும் காசு தாறல்ல. நீங்க செய்ய வேண்டியது டொக்டர்ட கடிதத்தோட பேங்க் மனேஜரக் கண்டு தவணையத் தள்ளிக் கேக்கிறது, தவணை பிந்த முதல் போகணும், பிந்தினாப் பிறகு போனா அவர் முகம் வேற மாதிரி. அடுத்த மாடு எடுக்கக்க கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையில இன்ஷூரன்ஸ் போட்டு எடுங்க, எந்தெந்த நோய்க்கு, சினை அழிஞ்சா என்ன, எத்தின நாளைக்குள்ள அறிவிக்கணும், இத மூண்டையும் கையெழுத்து வைக்க முதல் கேளுங்க. ஈ, நுளம்பு, உண்ணிதான் இத மாட்டுக்கு மாடு கொண்டு போறது, பின்னேரத்தில மாட்டடியில புகை போடுங்க.

கேள்வி: இந்தியாவில லம்பி ஸ்கின் நோய்க்குக் காசு குடுத்தாங்களாமே? (பெயர் வேணாம், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஓம், 2022 இல மகாராஷ்டிரா மாநிலத்தில செத்த பசுவுக்கு 30,000 இந்திய ரூபா, எருதுக்கு 25,000, கண்டுக்கு 16,000 எண்டு அறிவிச்சாங்க. எனக்குப் பிடிச்சது தொகை இல்ல, கண்டுக்கும் ஒரு விலை எழுதினாங்களே, அதுதான். எங்கட பக்கம் மகஜர் எழுதினாலும் இதத்தான் கேளுங்க, இன்ன வயசு மாட்டுக்கு இன்ன தொகை எண்டு. "தகுந்த நட்டஈடு" எண்டு எழுதினா தகுந்தத அவங்கதான் தீர்மானிப்பாங்க.

கேள்வி: பண்டி ரெண்டு செத்திற்று. மிச்சத்த கெதியா வெட்டி வித்தா என்ன, மனிசருக்கு வராது எண்டு சொல்றாங்களே? (மட்டக்களப்பு)

பதில்: வராதுதான். ஆபிரிக்கப் பண்டிக் காய்ச்சல் எண்டா மனிசருக்கு ஒண்டும் செய்யாது, ஆனா நீங்க விக்கிற இறைச்சிக் கழிவு போற வீட்டுப் பண்டியெல்லாம் சாகும், அதுக்கு மருந்தும் இல்ல. 2024 கடைசியில மேல் மாகாணத்தில துவங்கினது இப்பிடித்தான் ஊர் ஊராப் போனது. வெட்டாதீங்க, ஏத்தாதீங்க, கடைச் சாப்பாட்டு மிச்சத்தக் கொதிக்க வைக்காமப் போடாதீங்க. இத வாசிச்சு முடிச்ச கையோட டொக்டருக்குக் கோல் எடுங்க, செத்த ரெண்டையும் அவர் பாத்தாப் பிறகு புதைக்கலாம்.