பழைய பைபர் படகின் உட்காரும் பலகையை மாற்றுவது எப்படி: கேள்வி பதில்

பைபர் படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பலகை உளுத்துப்போன பழைய படகுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பழவேற்காட்டிலிருந்து: அண்ணே, சுனாமிக்கு அடுத்த வருசம் கட்டிய 28 அடி போட். நடுப்பலகையில் கால் வைத்தால் அமுங்குகிறது. மேலே ஒரு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டி ரெசின் (இறுகும் பிசின்) பூசினால் போதுமா?

போதாது தம்பி. அமுங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் பிளைவுட் போய்விட்டது. மேலே எத்தனை மேட் ஒட்டினாலும் தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றும் இருக்காது. 2005, 2006இல் அவசர அவசரமாகக் கட்டிய படகுகள் பலவற்றில் இந்தக் கோளாறைப் பார்க்கிறேன். பலகையின் அடிப்பக்கத்துக்கு ரெசினே காட்டாமல் வெறும் பிளைவுட்டாக விட்டிருப்பார்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும்.

முதலில் சுத்தியல் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டங்கென்று கேட்கும், உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் அடியிலிருந்து 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வரும் தூள் ஈரமாக, கருப்பாக இருந்தால் பலகையை எடுத்தே ஆக வேண்டும்.

எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பலகை உட்கார மட்டும் போட்டதல்ல. இரண்டு பக்கச் சுவரும் விரியாமல், உள்ளே சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அதனால் படகை மணலில் நேராக உட்கார வைத்து, அடியில் இடைவெளி இல்லாமல் மணலை இறுக்குங்கள். பலகை இருக்கும் இடத்தில் படகின் அகலத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு விளிம்பு ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு இறுகக் கட்டிய பிறகே அறுக்க வேண்டும். ஒரு பலகையை முடித்துவிட்டு அடுத்ததில் கை வையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் அறுத்த படகில் பழைய அகலம் திரும்புவது கடினம்.

பழைய பலகை சுவரோடு சேரும் இடத்தில், இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்கு ஜெல்கோட் (பைபரின் மேல்பூச்சு), பெயின்ட் எல்லாம் போக 40 நம்பர் உப்புத்தாளால் நாரே தெரியும்படி தேய்க்க வேண்டும். காய்ந்த பழைய பைபரும் புது ரெசினும் தாமாக ஒன்றாகிவிடாது, அந்தச் சொரசொரப்பில்தான் பிடிக்கும். அசிட்டோனில் துடைத்து உலர விடுங்கள். புதுப் பலகையின் முனை சுவரில் முட்டவே கூடாது. 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு அதில் போம் (கட்டி நுரை) துண்டு வையுங்கள். மரம் நேராக முட்டினால் அலை அடிக்கும்போதெல்லாம் அந்த ஒரே கோட்டில் அழுத்தம் விழுந்து வெளிச்சுவரில் விரிசல் வரும். மூலையை ரெசின் புட்டியால் உருட்டி நிரப்பி, அதன் மேல் மேட் ஒட்டுங்கள். முதல் பட்டை 2 அங்குலம் என்றால் அடுத்தது 3, அடுத்தது 4. எல்லாப் பட்டையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. சுவரைத் தொடும் முதல் அடுக்கு மேட்டாகவே இருக்கட்டும், ரோவிங் (தடித்த கண்ணாடி நார் நெசவு) அதற்கு மேலேதான்.

நாகையிலிருந்து: எந்த பிளைவுட் வாங்குவது? கடையில் எல்லாமே வாட்டர்ப்ரூப் என்கிறார்கள்.

கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு முத்திரையைப் பாருங்கள். கடல் வேலைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710 வேண்டும். ஐ.எஸ். 303 வீட்டு வேலைக்கானது. ஒரு துண்டை வாங்கி வந்து பாத்திரத்தில் நாள் முழுக்கக் கொதிக்க விடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைக்கே போக வேண்டாம். நல்ல பிளைவுட் என்றாலும் ஆறு பக்கமும் ரெசின் குடித்திருக்க வேண்டும். அறுத்த ஓரத்துக்கு இரண்டு முறை காட்டுங்கள். போல்ட் போடும் துளையைப் பெரிதாகப் போட்டு, புட்டியால் அடைத்து, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போதுதான் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும்.

கடலூரிலிருந்து: பலகைக்குக் கீழே தெர்மாகோல் அடைத்து, மேலே ரெசின் ஊற்றி மூடலாமா?

கூடாது. பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேலே ஓடு மட்டும் நிற்கும், உள்ளே வெறும் குழி. பி.யு. (பாலியூரித்தேன்) போம் வாங்குங்கள். தெர்மாகோல்தான் கையில் இருக்கிறது என்றால் எபாக்சி பூசி நன்றாகக் காய்ந்த பிறகு பயன்படுத்தலாம்.

போம் எதற்கு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பலகைக்குக் கீழே 6 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள பெட்டியில் சுமார் 170 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் போம் நிறைந்திருந்தால் கடலில் ஏறக்குறைய 165 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். 600 கிலோ பைபர் ஓடு தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் எடை சுமார் 200 கிலோதான். ஆனால் என்ஜின் இரும்பு, அதன் எடை அவ்வளவாகக் குறையாது. படகு கவிழ்ந்தால் நீங்கள் பிடித்துக்கொண்டு மிதக்கப்போவது இந்தப் பெட்டிகளைத்தான். பலகையை மாற்றும்போது பழைய போம் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறதா என்று பார்த்து, அப்படியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: எங்களுடையது மர வள்ளம். பலகைக்கு எந்த மரம் நல்லது?

மரப்படகு கட்டும் உங்கள் ஊர் ஓடாவியைக் கேளுங்கள். அது அவர் வேலை.

வேளாங்கண்ணி அருகிலிருந்து: ஐயா, வீட்டுக்காரர் படகுப் பலகையை எங்கள் முற்றத்திலேயே வைத்து ஒட்டப்போவதாகச் சொல்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நல்ல கேள்வி அம்மா. முற்றத்தில் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறுகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசி பிள்ளைகளின் மூச்சில் போகக் கூடாது. கரையில், காற்றோட்டமான கொட்டகையில் செய்யட்டும். பக்கத்தில் பீடி பற்ற வைக்க யாரையும் விட வேண்டாம்.

மல்லிப்பட்டினத்திலிருந்து: வலை வைக்க இடம் பத்தவில்லை. நடுப்பலகையை எடுத்துவிட்டு இரண்டு பலகையோடு ஓட்டலாமே?

வேண்டாம் தம்பி. மேலே சொன்னதுதான் காரணம். நடுவில்தான் படகு அதிகம் அகலம், அதிகம் நெளிவதும் அங்கேதான்.

காரைக்காலிலிருந்து: அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் நடுப்பலகை இல்லாமல் பல வருசமாக ஓட்டுகிறோம். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கரையில் இன்னும் சில போட்டுகள் இப்படித்தான்.

கோபமில்லை தம்பி. இதைப் பேசித்தான் ஆக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்பதை எப்படிப் பார்த்தீர்கள்? நான் சொல்கிறபடி பாருங்கள். படகு மணலில் காலியாக இருக்கும்போது நடுவில் விளிம்புக்கு விளிம்பு சரியாக உட்காரும்படி ஒரு மூங்கிலை வெட்டிக்கொள்ளுங்கள். வலையும் ஐஸும் ஏற்றி மிதக்கும்போது அதே மூங்கிலை வைத்துப் பாருங்கள். விரல் நுழையும் அளவு இடைவெளி வந்தால் ஓடு ஒவ்வொரு அலைக்கும் விரிந்து சுருங்குகிறது என்று அர்த்தம். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைப்பது போலத்தான், ஒருநாளில் ஒடியாது. பழைய பலகை இருந்த இடத்துக்கு வெளியே ஜெல்கோட்டில் தலைமுடி போல விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிராக்டர் வைத்து மணலில் இழுக்கிற கரையில் இது இன்னும் மோசம். ஒரு பக்கம் சாய்ந்தபடி இழுபடும்போது முழு எடையும் ஒரு சுவரில் இறங்குகிறது.

காரைக்காலிலிருந்து மறுபடி: விரிசல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலகையைப் போட்டால் வலை இழுப்பவர் நிற்க இடமில்லை. வீட்டில் இருந்துகொண்டு சொல்வது சுலபம், கடலில் வேலை நடக்க வேண்டுமே.

இடம் வேண்டும் என்பது நியாயமான பேச்சு, அதை நான் மறுக்கவில்லை. பலகையை ஒரு அடி முன்னால் தள்ளிப் போடலாம், உயரத்தைக் குறைத்தும் போடலாம். இரண்டும் முடியாது என்றால் அந்த இடத்தில் ஒரு விளிம்பிலிருந்து அடி வழியாக மறு விளிம்பு வரை அறுபடாமல் ஓடும் வங்கு (விலா எலும்பு போன்ற சட்டம்) ஒன்று வையுங்கள். குறைந்தது 4 அங்குல உயரம், உள்ளே போம், மேலே மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றி. தளம் வெறுமையாக இருக்கும், வலையும் கொள்ளும். செலவு பலகையை விட அதிகம்தான். அதோடு நடுப்பெட்டியில் இழந்த போமை முன்னாலும் பின்னாலும் வேறு இடத்தில் சேர்த்தாக வேண்டும். இதைச் செய்யாமல் பலகையை மட்டும் அறுத்து எறிந்த படகில் என் தம்பி மகன் ஏறுவதாக இருந்தால் விட மாட்டேன். உங்களையும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாகூரிலிருந்து: இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. பலகைக்குப் பதில் ஜி.ஐ. பைப்பைக் குறுக்கே போல்ட் போட்டால்?

பைப் தாங்கும், போல்ட் போட்ட இடம் தாங்காது. முழு இழுப்பும் இரண்டு துளையில் வந்து நிற்கும். போடுவதென்றால் சுவரின் உள்ளே அகலமான பிளைவுட் அட்டையை மேட்டால் ஒட்டி, அதில் போல்ட் போடுங்கள். வருசத்துக்கு ஒருமுறை துரு பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து: தெர்மாகோல் அடைக்கலாமா?

கடலூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

டொரன்டோவிலிருந்து: ஏரியில் தூண்டில் போட 14 அடி பழைய அலுமினியப் படகு வாங்கினேன். பெஞ்சு மரம் உளுத்துவிட்டது. சுழலும் நாற்காலி வைக்க ஆசை.

உங்களுக்கு முக்கியமானது மரம். அங்கே கடைகளில் கிடைக்கும் மருந்தேற்றிய பலகையில் செம்பு இருக்கும். செம்பு ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் தகடு அரித்து ஓட்டை விழும். சாதாரண வெளிப்புற பிளைவுட்டில் எபாக்சி மூன்று முறை பூசுங்கள். எவர்சில்வர் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் சீலன்ட்டும் வேண்டும். பெஞ்சுக்குள் இருக்கும் போமை எடுத்து எறிந்துவிடாதீர்கள். கனத்திருந்தால் நீல நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ விற்கும் கட்டிப் போம் அட்டையை வெட்டி, அதே அளவுக்கு நிரப்புங்கள். நாற்காலி வைக்கலாம், உயரமான தண்டு வேண்டாம். அந்த அகலத்துக்கு ஆள் ஒரு அடி உயர்ந்தாலே படகு ஆடும். அடித்தட்டுக்குக் கீழே அகலமான தகடு கொடுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: பலகை மாற்ற மானியம் உண்டா?

மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடலூரிலிருந்து இன்னொருவர்: கேட்டலிஸ்ட் அதிகம் ஊற்றினால் சீக்கிரம் காயும்தானே? தெர்மாகோலை பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் போதுமா?

இரண்டுக்கும் இல்லை. தாள் எங்காவது கிழியும், அங்கே கரையும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. கேட்டலிஸ்ட், அதற்கு மேல் போனால் கலவை சூடேறி மொறுமொறுப்பாக உடையும். மே மாத வெயிலில் 10 மி.லி. போதும், காலையிலேயே ஒட்டி முடியுங்கள். மிச்சக் கலவையைக் கந்தல் துணி மேல் கொட்டாதீர்கள், தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரோடு நேராகக் கலக்கக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

பழவேற்காட்டிலிருந்து மறுபடி: ஒட்டி முடித்து எத்தனை நாளில் கடலுக்குப் போகலாம்?

மறுநாளே கல் மாதிரி இருக்கும், அதை நம்பி இறக்காதீர்கள். ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும். குறுக்கே கட்டிய கட்டையை அதுவரை அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்த பிறகு முதலில் எழுதி வைத்த அகலத்தோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள்.