ஆல்ட்கேட் வாசலும் குடிகார மாவு ஆலைக்காரரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1066இல் நார்மன்கள் வந்த பிறகு இங்கிலாந்தில் பிரெஞ்சு ராஜ்யம்தானே? அப்புறம் ஆங்கிலத்தில் எப்படி இலக்கியம் வந்தது?

பதில்: அரசவையில் பிரெஞ்சு, தேவாலயத்தில் லத்தீன், வயலிலும் சந்தையிலும் ஆங்கிலம் என்று ஏறக்குறைய முந்நூறு வருடம் ஓடியது. ஆங்கிலம் சாகவில்லை, எழுத்தில் ஒதுங்கியிருந்தது. 1337இல் பிரான்சோடு தொடங்கிய நீண்ட போர், 1348இல் வந்த கொள்ளைநோய் இரண்டும் நிலைமையைப் புரட்டின. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, இனி வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்று 1362இல் சட்டமே வந்தது. கவிஞர்கள் லாங்லண்டும் சாசரும் ஆங்கிலத்தில் எழுதியது அடுத்து வந்த சில பத்தாண்டுகளில்தான்.

கேள்வி: சாசர் கொள்ளைநோயையும் விவசாயிகள் கலகத்தையும் நேரில் பார்த்த தலைமுறை. ஏன் அவற்றைப் பற்றி எழுதவே இல்லை?

பதில்: எழுதவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் ஆச்சரியம் நியாயமானது. 1374 முதல் 1386 வரை அவர் குடியிருந்த வீடு, லண்டன் மதில்வாசல்களில் ஒன்றான ஆல்ட்கேட்டின் மேல்தளம். ஆளுக்கு 12 பென்ஸ் தலைவரி போட்டதில் கொதித்துப்போய் 1381 ஜூனில் எசெக்ஸிலிருந்து கிளம்பிய கூட்டம் நகருக்குள் நுழைந்தது அதே வாசல் வழியாகத்தான். அரசரின் சித்தப்பா ஜான் ஆஃப் காண்டின் சவாய் மாளிகை எரிந்தது, பேராயர் சட்பரியின் தலை போனது. வரி மட்டும் காரணமில்லை. கொள்ளைநோயில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் செத்துப்போக, வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது, உடனே நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்பதே குற்றம் என்று 1351இல் சட்டம் போட்டார்கள். முப்பது வருடக் கோபம் அது. 'ஆதாம் மண் வெட்ட, ஏவாள் நூல் நூற்க, அன்றைக்குச் சீமான் யார்?' என்று பாதிரியார் ஜான் பால் கேட்டது சும்மா வந்த கேள்வி இல்லை.

சாசரின் நண்பர் ஜான் கவர், லத்தீனில் எழுதிய கவிதையில் கலகக்காரர்களைக் கழுதையும் மாடும் பன்றியுமாக மாறிய கூட்டமாகக் காட்டினார். சாசரோ, சேவலை நரி தூக்கிக்கொண்டு ஓடும் கதையில், நரியைத் துரத்தியவர்கள் போட்ட கூச்சலில் பாதிகூட கலகத் தலைவர்களில் ஒருவரான ஜாக் ஸ்ட்ராவின் கும்பல், ஃப்ளாண்டர்ஸிலிருந்து வந்து குடியேறிய ஃப்ளெமிஷ்காரர்களைக் கொன்றபோது போடவில்லை என்று ஓரிரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கொலைகள் நடந்த விண்ட்ரி, அவர் அப்பா மது வியாபாரம் செய்த வட்டாரம்! சாசர் கம்பளிச் சுங்கத்தில் அரசு அதிகாரி, வாயைத் திறந்து ஒரு பக்கம் சேர்ந்து பேசக்கூடிய இடத்தில் அவர் இல்லை.

ஆனால் 'கேண்டர்பரி கதைகள்' தொடங்கும் விதத்திலேயே கலகம் இருக்கிறது என்பது என் எண்ணம். கேண்டர்பரிக்கு யாத்திரை போகிற பலதரப்பட்ட கூட்டம், கூடவே வரும் விடுதிக்காரரின் யோசனைப்படி வழியில் கதை சொல்லிக்கொண்டே போவதுதான் அந்த நூல், சேவல் கதையும் அதில் ஒன்று. சீட்டு எடுத்ததில் முதல் கதை மாவீரருக்கு விழுகிறது, அவர் கம்பீரமாக ஒரு காதல் கதை சொல்லி முடிக்கிறார். விடுதிக்காரர் அடுத்து மடத்துத் துறவியை அழைக்கிறார், அந்தஸ்துப்படி அதுதான் வரிசை. குதிரை மேல் நேராக உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருக்கும் மாவு ஆலைக்காரர் குறுக்கே விழுந்து, மாவீரருக்குப் பதிலடியாக என்னிடம் ஒரு கதை இருக்கிறது என்கிறார். பொறு தம்பி, உன்னைவிடப் பெரியவர் பேசட்டும் என்றால், ஒன்று நான் பேசுவேன், இல்லை என் வழியில் போய்விடுவேன் என்று அடம்பிடிக்கிறார். விடுதிக்காரர் திட்டிக்கொண்டே விட்டுக்கொடுக்கிறார். அந்தஸ்து வரிசை அதோடு சரி, ஆலைக்காரர் ஒரு தச்சரைக் கேலி செய்து கதை சொல்ல, அடுத்து தச்சுத்தொழில் தெரிந்த பண்ணை மேலாளர் சண்டைக்கு நிற்கிறார். தெருவில் நடந்ததை வரலாற்றுக் குறிப்பாக எழுதாமல், யார் எப்போது பேசலாம் என்ற சச்சரவாக எழுதியிருக்கிறார். கவரின் சாபத்தைவிட எனக்கு இது எவ்வளவோ மேல்.

கொள்ளைநோயும் இருக்கிறது. பாவத்துக்குத் தேவாலயம் தரும் மன்னிப்புச் சீட்டை விற்பவர் சொல்லும் கதையில், நோய் வாரிக்கொண்டுபோன ஊரில் மூன்று குடிகாரர்கள் மரணத்தைத் தேடிப்பிடித்துக் கொல்லக் கிளம்புகிறார்கள். மரத்தடியில் கிடைப்பது தங்கக் காசு, அதற்காக ஒருவரையொருவர் கொன்றுபோடுகிறார்கள். சொல்கிறவர் யாரென்று பாருங்கள்: தலையணை உறையை மாதாவின் முக்காடு என்று காட்டிக் காசு பறிக்கிற ஆள்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் எழுதினார்களா?

பதில்: நாரிச்சில் தேவாலயத்தை ஒட்டிய சிறிய அறையில் அடைபட்டு வாழ்ந்த ஜூலியன், 1373 மே மாதம் சாகக்கிடந்தபோது கண்ட காட்சிகளை எழுதினார். ஒரு பெண் எழுதியது என்று தெரிந்து, நம் கைக்கு வந்திருக்கும் ஆங்கில நூல்களில் அதுதான் முதலாவது. லின் நகரத்து மார்ஜரி கெம்ப் வேறு ரகம். பதினான்கு பிள்ளை பெற்றவர், மது காய்ச்சும் தொழிலில் நஷ்டப்பட்டவர், ஜெருசலேம் வரை யாத்திரை போனவர், நடுத்தெருவில் சத்தம்போட்டு அழுது ஊரார் வசவை வாங்கியவர். எழுதத் தெரியாததால், தன் வாழ்க்கைக் கதையை அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். ஜூலியனைப் போய்ப் பார்த்துப் பேசியதையும் அதில் சொல்கிறார். கையெழுத்துப் பிரதி 1934இல்தான் ஒரு வீட்டில் கிடைத்தது.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: மன்னிப்புச் சீட்டு விற்பவரின் கதை. சின்னது, வேகமாகப் போகும். பக்கத்தில் இன்றைய ஆங்கில வடிவம் உள்ள பதிப்பாக வாங்குங்கள், மூலத்தை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் சந்தம் பிடிபடாது, அன்றைக்குச் சொல் கடைசியில் வரும் 'எ' ஒலியைப் பல இடங்களில் உச்சரித்தார்கள்.