வாகனக் கேள்வி பதில்: வளைக்கும்போது சத்தம் போடும் மின்கார்

கேள்வி: என் மின்காருக்கு மூன்று வயது, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் போக்குவரத்து. தாமான் முனையில் மெதுவாக வளைக்கும்போது முன்பக்கம் ‘டொய்ங்’ என்கிறது. சில நாள் காலையில் ‘கீச் கீச்’ சத்தமும் சேர்ந்துகொள்கிறது. பட்டறையில் இரண்டு பக்க லோவர் ஆர்மையும் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. நீங்கள் எழுதியிருப்பது இரண்டு சத்தங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் காசு செலவில்லாத வேலை. முன்சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் காரின் அடித்தட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கிளிப் கழன்றிருந்தால், சக்கரம் முழுக்கத் திரும்பும்போது டயர் அதில் உரசும். பிரேக் தட்டுக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகட்டில் செம்மண் சாலைக் கல் சிக்கியிருந்தாலும் கிறீச்சிடும். ஒரு சிறு கல்லுக்காக லோவர் ஆர்ம் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அடுத்தது ‘டொய்ங்’. பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் அப்சார்பரும் அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும். அதற்காகவே அப்சார்பரின் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் மவுண்டிங்கில் ஒரு பேரிங் உண்டு. தூசியும் மழைநீரும் புகுந்து அது இறுகிவிட்டால், ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கேறி நிற்கும். முறுக்கு அளவு மீறியதும் துள்ளி விடுபடும். அந்தத் துள்ளல்தான் உங்களுக்குக் கேட்கிறது. சோதிக்க இரண்டு பேர் வேண்டும். சமதரையில் காரை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பவரை மட்டும் ஆன் செய்யுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் திருப்பட்டும். மற்றவர் சக்கர வளைவு வழியாக ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைக்கட்டும். சுருள்களுக்கு நடுவே விரலை மட்டும் விட வேண்டாம். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பும். கெட்டிருந்தால் அசையாமல் நின்று, திடீரென உதறும், கையிலேயே தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்தால் மவுண்டிங்கையும் பேரிங்கையும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கருவி இல்லாமல் வீட்டில் இந்த வேலையைத் தொடக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும்.

‘கீச்’சுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும். கீழ் பால் ஜாயிண்ட் (லோவர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் குண்டு மூட்டு), டை ராட் முனை (ஸ்டீயரிங் தண்டு சக்கரப் பக்கம் சேரும் இடம்), லோவர் ஆர்மின் முன் புஷ், பின் புஷ் (புஷ் என்பது இணைப்பிலுள்ள ரப்பர் உருளை), கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ் என ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கைத் திருப்பி, பம்பரை அமுக்கிக் கேளுங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ, சந்தேகம் அதன் மேல்தான். கைக்குக் கிடைத்த எண்ணெயை அடிக்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும், நான்கு நாள் அமைதிக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகும்.

பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே கிரீஸ் போயிருக்கும், மாற்றுவதே வழி. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அந்த ஜாயிண்ட்டில் ஆட்டம் தெரிந்தால் காரை ஓட்டவே வேண்டாம். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

லோவர் ஆர்ம் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பட்டறையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது எப்போது? கார் லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். புதுச் சாமான் சில மாதத்திலேயே கீச்சிட்டுக் கிழிவது பெரும்பாலும் இதனால்தான். காரின் எடை சக்கரத்தில் நின்ற பிறகே அந்த போல்ட்டை இறுக்க வேண்டும்.

மின்காரில் இவை சீக்கிரம் வெளிப்படக் காரணம் உண்டு. சிறிய பெட்ரோல் காரான மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. நடுத்தர மின்கார் 1,700 கிலோவை ஒட்டி வரும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் மோட்டார் முன்னே தள்ளுகிறது, காலை எடுத்தால் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவது) பின்னே இழுக்கிறது. புஷ் இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு இன்ஜின் சத்தமும் இல்லை, எல்லாம் காதில் விழுகிறது. வாரண்டி பாக்கியிருந்தால், சத்தத்தை வீடியோ எடுத்துக்கொண்டு முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கேள்வி: டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றி நகரும்போது ஒரே ஒரு ‘டிக்’. முழுக்க வளைத்து அழுத்தினால் ‘டக் டக் டக்’. இரண்டும் ஒன்றா?
– வாசகர், தாப்பா

பதில்: இல்லை. வளைவில் தொடர்ந்து வரும் ‘டக் டக்’, மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட். ரப்பர் உறை கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். திசை மாறும்போது வரும் ஒற்றை ‘டிக்’ பல நேரம் டிரைவ் ஷாஃப்ட்டின் பற்கள் ஹப்பில் (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) உலர்ந்து நகர்வதால். துடைத்து, பற்களுக்கான மசகு பேஸ்ட் தடவி, புது ஆக்சில் நட் போட்டு சர்வீஸ் கையேட்டு அளவுக்கு முறுக்கினால் போதும். பழைய நட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

கேள்வி: வேகம் கூடக்கூட ‘உங்ங்’ என்ற முனகல். எந்தச் சக்கரம்?
– வாசகர், பீடோர்

பதில்: சக்கர பேரிங்காக இருக்கலாம். நம் ரவுண்டபவுட்டில் வலப்பக்கமாகவே சுற்றுவதால் எடை இடச் சக்கரங்களில் விழும். அப்போது முனகல் கூடினால் இடப்பக்கம், குறைந்தால் வலப்பக்கம். டயர் சீரற்றுத் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு பேரிங் வாங்குங்கள்.

கேள்வி: இந்த வேலைகளை உள்ளூர்ப் பட்டறையில் கொடுக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக அம்மா. ஆர்ம், மவுண்டிங் எல்லாம் சாதாரணக் கார் வேலைதான். இரண்டை மட்டும் சொல்லிவையுங்கள்: ஜாக்கைப் பேட்டரிப் பெட்டியின் அடியில் வைக்கக் கூடாது, ஓரத்திலுள்ள ஜாக் புள்ளியில் ரப்பர் கட்டை வைத்தே தூக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கம்பிகளை யாரும் தொடக் கூடாது.