அப்பாவுக்கு வந்த பார்ட் டி அபராதம்

அப்பா 67 வயதுவரை வேலை பார்த்தார், கம்பெனிக் காப்பீட்டிலேயே மருந்தும் வாங்கினார், இப்போது மெடிகேர் பார்ட் டி-யில் (அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துப் பிரிவு) சேர்ந்ததும், 26 மாதம் மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்ததாகச் சொல்லி அபராதக் கடிதம் வந்திருக்கிறது என்கிறீர்கள். பதறாதீர்கள், இது பெரும்பாலும் காகிதக் கோளாறுதான்.

கம்பெனியின் மருந்துக் காப்பீடு பார்ட் டி-க்கு ஈடானதாக இருந்து, அது முடிந்தபின் 63 நாள் இடைவெளி விழாமல் சேர்ந்திருந்தால் அபராதமே கிடையாது. பழைய கம்பெனியின் ஹெச்.ஆரிடம் அதற்கான சான்றுக் கடிதம் கேளுங்கள். வருடா வருடம் அக்டோபர் 15-க்குள் அனுப்பியிருப்பார்கள். விளம்பரம் என்று நாம்தான் குப்பையில் போட்டிருப்போம்!

கடிதத்தோடு வந்த மறுபரிசீலனைப் படிவத்தை, கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் சான்றுடன் அனுப்புங்கள். முடிவு வரும்வரை அபராதத்தையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும்.

தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். காப்பீடு இல்லாததாகக் கருதும் ஒவ்வொரு மாதத்துக்கும், அரசு நாடு முழுக்க நிர்ணயிக்கும் அடிப்படைப் பிரீமியத்தில் 1% கணக்கு. 2025-இல் அந்தப் பிரீமியம் 36.78 டாலராக இருந்தது, அதில் 26% என்றால் பத்து சென்ட்டுக்கு முழுமையாக்கி மாதம் 9.60 டாலர். பார்ட் டி இருக்கும்வரை, அதாவது அநேகமாக ஆயுள் முழுக்க. அடிப்படைப் பிரீமியம் ஏறினால் இதுவும் ஏறும்.

அப்புறம், அப்பாவின் வருமானம் குறைவென்றால் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்ற, மருந்துச் செலவுக்கான அரசு உதவிக்கும் விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் அபராதம் கட்ட வேண்டியதில்லை.