கேளுங்கள் அக்காவிடம்: பேரும் பேச்சும்

கேள்வி: உயர்தரப் பெறுபேறு நன்றாக வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்க ஆசை. "காட்டுவாசிகளைப் பற்றிப் படிச்சு தோட்டத்துக்கு என்னத்த கிழிக்கப் போற?" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?
*மாணவி, பொகவந்தலாவை*

பதில்: அப்பாவைக் கோபிக்காதே மகள். அந்தப் படிப்பு அப்படித்தான் தொடங்கியது. செலிக்மன் தம்பதியர் நம் நாட்டு வேடர்களைப் பற்றி எழுதிய நூல் 1911இல் வந்தது. 1950களில் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் வறண்ட வலயத்தில் புல் எளிய என்ற ஊரில் தங்கி, வயலும் குளமும் உறவுமுறையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்தார். அதே காலத்தில் நூர் யல்மன் நம்முடைய மலைக்கே வந்தார். ஆனால் அவர் தங்கியது தெருதென்ன என்ற கண்டிச் சிங்களக் கிராமத்தில். கிராமத்தில் இருப்பது பண்பாடு, தோட்டத்தில் இருப்பது வெறும் ஆள்பலம் என்ற நினைப்பு அன்று படித்தவர்களிடமும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. அந்த வழக்கம் பிறகு மாறியது. வாலன்டைன் டானியல் போன்ற மானிடவியலாளர்கள் தோட்டத்துப் பேச்சையே ஆய்வுக்கு எடுத்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரைமார் தேயிலையைப் பற்றிப் பேசுவதும் தொழிலாளர் பேசுவதும் ஒரே பேச்சல்ல என்று காட்டினார்கள்.

அப்பாவிடம் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டுப் பார்: "பேர்". ஒரு நாள் வேலைக்கு நாம் பேர் என்கிறோம். என் அம்மா கொழுந்து எடுத்த தோட்டத்தில் 16 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். ஒரு மழை நாள் சாயங்காலம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நான் அம்மா இடுப்பில் கட்டிய படங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தராசு முள் 17ஐத் தாண்டி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 2 கிலோ கழித்தார்கள். அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து உதிர்த்துவிட்டு, "அரை மனுசியா வந்திருக்கேன் பாரு" என்றார். அன்றைக்கு எத்தனை ரூபாய் குறைந்தது என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அம்மா சொன்ன அந்த ஒரு வரி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைக் கேட்டு, எழுதி, ஏன் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று பெயர் வந்தது என்று யோசிப்பதுதான் இந்தப் படிப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், ரோதை முனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். என் தாத்தா ஸ்டோரில் வேலை செய்தவர். இரவு மெஷின் ஓடத் தொடங்குமுன் சுவரோரக் கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தாமல் பெல்ட்டைத் தொடமாட்டார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கும் தனியாகச் சாமி இருக்கிறது. இவை கடல் கடந்து வந்த குலதெய்வங்கள் அல்ல. கையை இழுத்துவிடுமோ என்ற பயத்திலும் கத்தி காலில் பாயுமோ என்ற பயத்திலும் இந்த மண்ணிலேயே பிறந்தவை. நாம் இந்த மலைக்காரர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் 1948இல் நம்மை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டத்தை எழுதியவர்கள் அந்தச் சாட்சியைக் கேட்கவில்லை. 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று கையெழுத்திட்டபோதும் நாம் இருக்கும் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று யாரும் கேட்கவில்லை. படி மகள். போய்ப் படி.

கேள்வி: மழை தொடங்கினால் மண்சரிவு வரும் என்று எங்கள் லயத்தை விட்டுப் பாடசாலைக்குப் போகச் சொல்கிறார்கள். அம்மாயி வரமாட்டேன் என்று பிடிவாதம். இது மூடநம்பிக்கைதானே?
*வாசகர், அப்புத்தளை*

பதில்: முதலில் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ, புது ஊற்று கிளம்பினாலோ, சுவரிலும் தரையிலும் வெடிப்பு விட்டாலோ, மரம் சாய ஆரம்பித்தாலோ தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு, அம்மாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் வர மறுத்தார் என்று கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடியது. முன்பே எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று தூரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். எங்கே போவது என்பதை யார் சொன்னார்கள்? எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், இருந்த ஆச்சி ஒருமுறை சொன்னார்: "காம்பராவ விட்டுட்டுப் போனா, திரும்பி வரயில அது நமக்கு இருக்குமா?" பரம்பரை பரம்பரையாக இருந்தும் காணி உறுதி கையில் இல்லாதவரின் கேள்வி அது. அதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? மழை இயற்கை. சரிவின் ஓரத்தில் லயம் கட்டியதும், காணி கொடுக்காமல் வைத்திருந்ததும் மனிதர் செய்தது. இன்றைய மானிடவியலாளர்கள் அனர்த்தத்தை இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அம்மாயி சொல்வதைத் தேதி போட்டு எழுதி, கிராம சேவகரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

கேள்வி: ஆய்வு என்று வந்து எங்கள் காம்பராவுக்குள் படம் எடுக்கிறார்கள். மறுக்கலாமா?
*வாசகி, லிந்துலை*

பதில்: தாராளமாக மறுக்கலாம். நீங்கள் யார், எதற்கு, எழுதியது எங்கே போகும், தமிழில் எங்களுக்கு ஒரு பிரதி வருமா என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். தேத்தண்ணி கொடுத்துவிட்டதால் சம்மதித்ததாக ஆகாது. பாதியில் மனம் மாறினாலும் "போதும், கெமராவை வைங்க" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.