நவாப் அரண்மனையா அந்த சிவப்பு பேங்க்?

கேள்வி: பீச் ஸ்டேஷன்ல இறங்கி பாரிமுனைக்கு நடக்கும்போதெல்லாம் ராஜாஜி சாலையில அந்த சிவப்புக் கலர் ஸ்டேட் பேங்க்கைப் பாக்குறேன். ஆபீஸ்ல ஒருத்தர் அது பழைய நவாப் அரண்மனை, அப்புறம்தான் பேங்க்கா மாத்தினாங்கன்னு அடிச்சு சொல்றார். நிஜமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: இல்லீங்க, அது பேங்க்குக்காகவே கட்டின கட்டடம். 1843ல ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் மெட்ராஸ், 1890கள்ல தனக்குன்னு கட்டிக்கிட்டது, 1897 வாக்குல முடிஞ்சுது, செலவு சுமார் 3 லட்சம் ரூபாய். 1921ல பெங்கால், பம்பாய், மெட்ராஸ்னு மூணு பேங்க்கும் ஒண்ணு சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆச்சு, அதுவே 1955ல ஸ்டேட் பேங்க் ஆயிடுச்சு. போர்டுதான் மாறிச்சு, வேலை மாறல.

ஆனா உங்க ஆபீஸ்காரருக்கு அரண்மனைன்னு தோணினதுல தப்பே இல்ல. முதல் டிசைன் போட்டவர் சாமுவேல் ஜேக்கப், ஜெய்ப்பூர்ல பல வருஷம் இன்ஜினியரா இருந்தவர், அங்க ஆல்பர்ட் ஹால் மியூசியம் அவர் டிசைன்தான். ராஜஸ்தான் பக்கத்து பழைய கட்டடங்கள்ல இருந்த வளைவு, தூண், ஜாலி (ஓட்டை ஓட்டையா செதுக்கின கல் திரை) எல்லாத்தையும் அளந்து வரைய வெச்சு சேர்த்து வெச்சவர் அவர், அப்படிப்பட்டவர் கை பட்டா பேங்க்கும் அரண்மனை சாயல்லதானே வரும். அதை நம்ம ஊருக்கு ஏத்தபடி மாத்திக் கொடுத்தவர் ஹென்றி இர்வின், ஹைகோர்ட்டை முடிச்சவரும் அவர்தான். ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தீங்கன்னா ஒரே குடும்பத்து ஜாடை தெரியும். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய கட்டடக் கலைகளைக் கலந்த இந்த பாணிக்குப் பேரு இந்தோ சாரசனிக்.

எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. டிசைன் பண்ணவங்க பேரை எல்லாரும் சொல்றாங்க, கட்டினவரை மறந்துடுறாங்க. காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. ஹைகோர்ட், கன்னிமாரா லைப்ரரி, இந்த பேங்க் எல்லாமே அவர் எடுத்துக் கட்டினதுதான் (கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்கள்ல தங்கினது சேத்துப்பட்டுல அவருக்குச் சொந்தமான வீட்டுலதான்). பேப்பர்ல வளைவு வரையறது ஒரு வித்தை, அதையே செங்கல்ல ஒவ்வொண்ணா இழைச்சு கடல் காத்துல நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற மாதிரி எழுப்பறது வேற வித்தை, பூச்சு வேலையில மறைக்கவும் முடியாது, செங்கல் அப்படியே வெளிய தெரியுது பாருங்க. அந்தக் கொத்தனார்கள் பேரெல்லாம் யாரும் எழுதி வைக்கலையேன்னுதான் மனசு அடிச்சுக்குது.

கேள்வி: இங்கதானே தீப்பிடிச்சுது?
(அதே வாசகி)

பதில்: ஆமாம்மா, 2014 ஜூலையில. உள்ள ஒரு பகுதி ரொம்ப சேதமாயிடுச்சு, அன்னைக்கு டிவியில பாத்தப்ப வயித்தைப் பிசைஞ்சுது. இந்த மாதிரி பழைய கட்டடத்துல மரம் நிறைய இருக்கும், தீ புடிச்சா சட்டுனு பரவிடும், அதனால பழைய வயரிங்கை அப்பப்ப பாத்து மாத்திக்கிட்டே இருக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போங்க, டிராஃபிக் கம்மியா இருக்கும். எதிர் பிளாட்பாரத்துல நின்னு மேல அந்த சின்ன மண்டபங்களை நிதானமா பாருங்க, அப்படியே அதே ரோட்டுல இருக்கிற ஜிபிஓவையும் (தலைமை தபால் ஆபீஸ்) பாத்துட்டு வாங்க, அது இர்வினுக்கு முன்னாடி இங்க ஆர்க்கிடெக்ட்டா இருந்த சிஷோம் டிசைன் பண்ணது.