ஸ்லைடு கனத்தால் கை நிலைக்குமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்லைடின் எடையைப் பற்றியவை. ஸ்லைடு என்றால் பிஸ்டலின் மேல்பாகம், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பி வரும் இரும்பு. பதிலுக்கு முன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டலைக் கையில் எடுத்ததும் முதலில் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டெக்சஸில் வேலை பார்க்கிறேன், விடுமுறைக்குக் குன்னூர் வந்திருக்கிறேன். டெக்சஸ் கிளப்பில் சுடுவதற்குப் பெரெட்டா 92 என்ற 9 மி.மீ. பிஸ்டல் வாங்கப் போகிறேன். சாதா ஸ்லைடா, கனமான பிரிகேடியர் ஸ்லைடா?

அங்கே வாங்கி அங்கேயே சுடுவதானால் சரி. இந்தியாவில் அது சுடும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண உரிமத்தில் வராது, கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

பிரிகேடியர் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1985-ல் அமெரிக்கப் படை இந்த 92-ஐ எம்9 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. சில வருடங்களிலேயே, ஏராளமாகச் சுட்ட சில பிஸ்டல்களில் ஸ்லைடு விரிசல் விட்டு உடைந்து, பின்பாதி சுடுபவர் முகத்துக்கு வந்தது. உடைந்தாலும் பின்னால் கழன்று வராதபடி சுத்தியல் பின்னின் தலையைப் பெரிதாக்கினார்கள், அதுதான் 92எஃப்எஸ். தொண்ணூறுகளில், பேரலையும் ஸ்லைடையும் பூட்டிவைக்கும் லாக்கிங் பிளாக் உட்காரும் இடத்தில் பக்கச்சுவரைத் தடிப்பாக்கி பிரிகேடியரை விட்டார்கள். ஆக, கனம் வந்தது உறுதிக்காக. பிரவுனிங் ஹைபவர் என்ற 9 மி.மீ. பிஸ்டலை .40 தோட்டாவுக்கு மாற்றியபோதும் இப்படித்தான்: தோட்டா பலமானது, ஸ்லைடு கனத்தது.

கையில் என்ன வித்தியாசம் தெரியும்? சாதா ஸ்லைடு 350 கிராம், கனமானது 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா கொடுக்கும் தள்ளு ஒன்றேதான், அதனால் கனமான ஸ்லைடு எட்டில் ஒரு பங்கு மெதுவாகப் பின்னால் வரும். சுள்ளென்று அடிக்கிற உதை கொஞ்சம் அமுங்கித் தள்ளுகிற மாதிரி ஆகும். ஆனால் அதே கனம் திரும்பி முன்னால் போய் மோதும்போது பிஸ்டலின் மூக்கு ஒரு சின்ன முங்கு முங்கும். பழகாத கைக்கு அது தொந்தரவு.

வருடம் ஐந்தாறாயிரம் தோட்டா சுடுவீர்கள் என்றால் பிரிகேடியர். ஆயிரம், இரண்டாயிரம் என்றால் சாதாவே போதும். பிரிகேடியரில் இன்னொரு நன்மை, குறிபார்க்கும் முன் சைட்டைக் கழற்றி மாற்றலாம். சாதா 92எஃப்எஸ்ஸில் அது ஸ்லைடோடு சேர்ந்தே இருக்கும். எதை வாங்கினாலும், ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை நாலஞ்சாயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்லைடும் ஸ்பிரிங்கும் ஒரே வண்டியில் பூட்டிய ஜோடி மாடுகள். ஒன்று தளர்ந்தால் வண்டி இழுக்காது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் வைத்த சைட்டை இங்கே மாற்ற வேண்டுமா?

25 மீட்டர் தூரத்துக்கு வேண்டாம்.

நான் வலக்கைக்காரன். குண்டெல்லாம் கீழே, இடப்பக்கமே போகிறது. கனமான ஸ்லைடு உள்ள பிஸ்டலுக்கு மாறினால் சரியாகுமா? – கோத்தகிரி

ஆகாது. இந்தக் கேள்வி வேறு வேறு கையெழுத்தில் மாதாமாதம் வருகிறது, மாதாமாதம் இதையேதான் எழுதுகிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கீழே இடப்பக்கம் என்றால் வலக்கைக்காரர் ட்ரிகரை வெடுக்கென்று பிடுங்குகிறார், சத்தத்துக்கு முன்னாலேயே மணிக்கட்டை அமுக்குகிறார் என்று அர்த்தம். ஐம்பது கிராம் இரும்பு அதை மறைக்கும், அதுவும் இரண்டு வாரம்தான். அதற்குள் உங்கள் கை புதுக் கனத்துக்கும் சேர்த்து அமுக்கக் கற்றுக்கொள்ளும்.

என்னிடம் பழகவந்த ஒரு தம்பி, இருப்பதிலேயே கனமான பிஸ்டலைக் கடன் வாங்கிக்கொண்டு ரேஞ்சுக்கு வந்தார். மேகசினை நான் நிரப்பினேன். ஐந்தில் இரண்டு வெடிக்காத டம்மி, எது எங்கே என்று அவருக்குத் தெரியாது. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது டம்மி. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் பேரலின் மூக்கு ஒரு கட்டைவிரல் அளவு கீழே முங்கி எழுந்தது. வெடிக்காத தோட்டாவுக்கு ஏன் துப்பாக்கி குனிகிறது என்று கேட்டேன். அவர் பேசவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஆறு வாரம், ராத்திரி பத்து நிமிடம், காலித் துப்பாக்கியில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிகர் இழுத்தார். முன் சைட்டின் மேல் விளிம்பு அசையாமல் ட்ரிகர் விழ வேண்டும், வேறொன்றும் கணக்கில்லை. அதற்குப் பிறகு சாதா பிஸ்டலிலேயே குண்டுகள் நடுவில் கூடின.

25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் ட்ரிகர் குறைந்தது ஒரு கிலோ எடையை விழாமல் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு கிலோவை எப்படி இழுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய ரேபிட் ஃபயர் இறுதிச்சுற்றில் நாலு விநாடிக்கு ஐந்து தோட்டா. அங்கே ஜெயித்தது பழகிய விரல். தயவுசெய்து பணத்தை இரும்பில் போடாதீர்கள், தோட்டாவில் போடுங்கள்.

எஸ்டேட்டுக்குள் காட்டெருமை வருகிறது. எந்த பிஸ்டல் நல்லது? – கூடலூர்

எதுவும் இல்லை. முக்கால் டன் மிருகத்தைக் கைத்துப்பாக்கி நிறுத்தாது, வெறி ஏற்றும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு உச்சப் பாதுகாப்பும் உண்டு. வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.

கோவையில் லேத் வைத்திருக்கும் நண்பர் என் .32 பிஸ்டலின் ஸ்லைடைக் கடைந்து எடை குறைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. 1959 படைக்கலச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் தனி உரிமம் வேண்டும். சட்டத்தின் கண்ணில் உதிரிப் பாகமும் படைக்கலன்தான். சட்டத்தை விடுங்கள், .32 ஆட்டோ பிஸ்டல்களில் அநேகமாக பேரலையும் ஸ்லைடையும் பூட்டிவைக்கும் அமைப்பே கிடையாது. குண்டு வெளியேறும் வரை பின்பக்கம் திறக்காமல் தாங்குவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். எடையைக் கடைந்து எறிந்தால் அழுத்தம் இறங்குவதற்குள் சேம்பர் திறக்கும், தோட்டாவின் பித்தளை உறை கிழியும், கண் போகும். உங்கள் நண்பர் பம்ப்செட் பாகம் கடையட்டும்.

.32 தோட்டா எது வாங்க வேண்டும்?

எதற்கு என்று எழுதவில்லையே! ரிவால்வருக்கா, பிஸ்டலுக்கா? இங்கே ரிவால்வருக்குப் பெரும்பாலும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு .32 ஏசிபி. பெயர்தான் ஒன்று, நீளம் வேறு, விளிம்பு வேறு, அழுத்தம் வேறு. பேரலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு, உரிமப் புத்தகத்தோடு கடைக்குப் போங்கள்.

மகள் கிளப் பிஸ்டலில் .22 சுடுகிறாள். தை மாதக் காலையில் மட்டும் காலி கேஸ் வெளியே போகாமல் வாயில் மாட்டுகிறது. ஸ்லைடு கனம் அதிகமோ? – தலைக்குந்தா

உங்கள் ஊரில் அந்த மாதம் புல்லெல்லாம் உறைபனி. கிரீஸ் தடவியிருப்பார்கள், அது மெழுகாக இறுகியிருக்கும். .22 தோட்டாவுக்கு உள்ள பலமே கொஞ்சம். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். அப்படியும் மாட்டினால் மகள் மணிக்கட்டைத் தளர்த்துகிறாளா என்று பாருங்கள். கை பின்வாங்கினால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது.

பிஸ்டலைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஸ்லைடில் பொட்டுப் பொட்டாகச் செம்புள்ளி. – மஞ்சூர்

பத்திரமாக இல்லை, ஊறப்போட்டு வைத்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் ஆறேழு மாதம் மூடுபனியும் மழையும். தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும், பதனிட்ட உப்பும் சேர்ந்து அரிக்கும். உறையிலிருந்து இன்றைக்கே எடுங்கள், எண்ணெய் துடையுங்கள், சிலிக்கா ஜெல்லோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். கைப்பிடித் தகடுகளைக் கழற்றி அடியிலும் பாருங்கள். துரு அங்கேதான் முதலில் குடியேறும்.

கல்லூரி மாணவி நான். கிளப்பில் இரண்டு .22 இருக்கின்றன, ஒன்று முன்பக்கம் கனமானது. 25 மீட்டர் ரேபிட் பகுதிக்கு எதை எடுப்பது? – குன்னூர்

ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்வி, நன்றி. மூன்று விநாடி இலக்கு தெரியும், ஏழு விநாடி மறையும். ஒவ்வொரு முறையும் கையை 45 டிகிரியிலிருந்து தூக்க வேண்டும். மூக்குக் கனம் உள்ளது கிளம்பத் தாமதிக்கும், போய் நின்றபின் ஆடாது. காலித் துப்பாக்கியோடு, தோழி விநாடி எண்ண, இரண்டையும் இருபது இருபது முறை தூக்கிப் பாருங்கள். முதல் ஐந்தை நம்பாதீர்கள். பதினைந்தாவதற்கு மேல் எதில் முன் சைட் இரண்டாவது விநாடிக்குள் வந்து நிற்கிறதோ, அதை எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் லேசானது.